ஓடலாம், வாய் திறக்கக் கூடாது

(மாணவர் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறுப்பு இலக்கியம் பற்றி நம்முடைய கூட்டங்களில் நிறையவே பேசியிருக்கிறோம். கவிதைகளை மொழிபெயர்த்திருக்கிறோம். தன்வரலாறுகளைப் படித்து விவாதித்திருக்கிறோம். ப்ளூஸ், ஜாஸ் என்று இசையையும் தொட்டிருக்கிறோம். விளையாட்டு என்று வந்தால் மட்டும் முகமது அலி பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஏன்? விளையாட்டு ஏதோ பொழுதுபோக்கு, அரசியல் வேறெங்கோ இருக்கிறது என்கிற எண்ணம் நமக்குள்ளேயும் இருக்கு. ஆதிக்கம் முதலில் கை வைப்பது உடம்பின் மேல்தான். இந்தத் தெருவில் நடக்கலாம், அந்தத் தெருவில் நடக்கக் கூடாது. இங்கே உட்காரலாம், அங்கே நிற்கணும் என்று உடம்புக்குத்தான் முதல் சட்டம் போடுகிறார்கள். அப்படிச் சட்டம் போடப்பட்ட ஓர் உடம்பு மைதானத்தில் இறங்கி ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதும் நம்ம வேலைதான்.

இன்றைக்கு நான் பேசப்போவது ரிக்கி ஹெண்டர்சன் என்ற கறுப்பு ஆட்டக்காரர் பற்றி. பேஸ்பால் ஆடியவர். 2024 டிசம்பர் 20 அன்று இறந்துபோனார். இன்னும் 5 நாள் இருந்திருந்தால் 66 வயது. அவர் பேர் பெற்றது திருட்டில். 25 பருவங்களில் 1406 திருட்டு. சிரிக்காதீங்க, அந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வமான கணக்குப் புத்தகத்திலேயே அதுக்குப் பேர் திருட்டுதான்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு மூலை உள்ள ஒரு சதுரம். ஒரு மூலையில் மட்டையாளர். நடுவில் ஒரு சின்ன மேட்டிலிருந்து பந்தெறிபவர், அதாவது பிட்சர். மட்டையாளருக்குப் பின்னால் நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி குந்தியிருப்பவர் கேட்சர். பந்தை அடித்துவிட்டு முதல் மூலைக்கு ஓடணும்; அந்த மூலைக்குப் பேர் பேஸ். முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி. பொதுவாக அடுத்து வரும் சகாக்கள் பந்தை அடித்தால்தான் முதல் பேஸில் நிற்கிறவன் நகர முடியும். அவர்கள் அடிக்கும்வரை காத்திருக்காமல், பிட்சர் எறிய ஆரம்பிக்கும் கணத்தில் பாய்ந்து போய் அடுத்த பேஸைத் தொட்டுவிட்டால் அதுதான் 'ஸ்டீல்'.

பிட்சர் உடம்பை அசைத்ததிலிருந்து பந்து கேட்சர் கைக்குப் போக ஏறக்குறைய 1.3 வினாடி. கேட்சர் எழுந்து இரண்டாவது பேஸுக்கு எறிய இன்னும் 2 வினாடி. மொத்தம் மூணு வினாடிச் சொச்சம். அதுக்குள்ளே ஓடுகிறவன் போய்ச் சேரணும். வெறும் வேகம் பத்தாது. பிட்சரின் குதிகால் தூக்குகிறதா, தோள் திரும்புகிறதா, முழங்கால் மடங்குகிறதா என்று படிக்கணும். எதிரியின் உடம்பைப் புத்தகம் மாதிரிப் படிக்கிற வேலை அது. அவன் ஏமாற்றித் திடீரென முதல் பேஸுக்கே பந்தை எறிந்தால் திரும்பப் பாயணும். மாட்டிக்கொண்டால் அவுட்.

சட்டம் முழுசாக அனுமதிக்கிற ஒரு செயல், ஆனா பேர் திருட்டு. அந்தப் பேரை வைத்தது 19ஆம் நூற்றாண்டில், வெள்ளையர்கள் தங்களுக்குள் ஆடியபோது. அவர்களுக்கு அது விளையாட்டான பேர். ஒரு வெள்ளைக்காரனைத் திருடன் என்று செல்லமாகக் கூப்பிட்டால் அவன் சிரிப்பான். 1876இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. பன்றி ஒன்றைத் திருடினாலே பெருந்திருட்டு, 5 ஆண்டு வரை சிறை. அடிமைமுறை ஒழிந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தின் பேரில் கறுப்பு மக்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே தள்ளி, கைதிகளைப் பண்ணைக்கும் ரயில் பாதை வேலைக்கும் வாடகைக்கு விட்டார்கள். அந்த மண்ணிலிருந்து வந்தவனுக்கு 'திருடன்' என்பது செல்லப் பேராக இருக்க முடியுமா?

நான் வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். ஒரு கிளையில் இருந்தபோது, சாயங்காலம் கணக்கு முடிக்கையில் ரொக்கம் குறைந்தது. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லவில்லை. பார்வை மட்டும் ஒரு கவுண்டர் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் எண்ணிய கட்டுக்குள் அந்த நோட்டு ஒட்டிக்கொண்டு இருந்தது. ரொக்கக் கணக்கு நேராகிவிட்டது. திரும்பிய அந்தப் பார்வையை எந்தப் பேரேட்டில் எழுதி நேர் செய்வது? இதை இதுக்கு மேல் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும்.

அந்த மிசிசிப்பியில் 1903இல் பிறந்தவர்தான் ஜேம்ஸ் பெல். 'கூல் பாப்பா' பெல் என்று சொன்னால்தான் அங்கே தெரியும். பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை. எழுதிவைத்த சட்டம் கிடையாது, முதலாளிகளுக்குள்ளே ஓர் எழுதாத ஒப்பந்தம். எழுதாத சட்டம் எவ்வளவு வலுவானது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பு ஆட்டக்காரர் முன்கையெடுத்துக் கறுப்பருக்கென்று தனி லீக் தொடங்கினார். அதே காலத்தில் வெள்ளையர் ஆட்டம் பேப் ரூத் வழியில் ஹோம் ரன் பக்கம் சாய்ந்தது: பெரிசாக அடி, மெதுவாகச் சுற்றி வா. கறுப்பர் லீக்கில் வேகமும் தந்திரமும் துணிச்சலும் வளர்ந்தன. பெல் அங்கே மன்னன். அவர் அறை விளக்கின் சுவிட்சை அணைத்தால் இருட்டாவதற்குள் படுக்கைக்குள் போய்விடுவார் என்று சாட்செல் பெய்ஜ் சொன்ன கதை இன்றும் உலவுகிறது. ஆட்டம் முடிந்தபிறகு பெல் செயின்ட் லூயிஸ் நகர மன்றத்தில் துப்புரவாளராகவும் இரவுக் காவலாளியாகவும் வேலை பார்த்தார். புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது 1974இல், 71 வயதில்.

1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே நுழைந்தார். இது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அவரை உள்ளே கொண்டுவந்த நிர்வாகி போட்ட நிபந்தனைதான் இங்கே முக்கியம். எவன் என்ன சொல்லித் திட்டினாலும் திருப்பிப் பேசக் கூடாது. திட்டினார்கள், மேலே மோதினார்கள், கொலைமிரட்டல் கடிதம் வந்தது. அவர் வாயைக் கட்டிக்கொண்டு ஆடினார். பதில் சொன்னது கால்கள்தான். தன் வாழ்நாளில் ஹோம் பேஸையே 19 முறை திருடினார். பிட்சர் எறிகிற பந்து நேராக வந்து சேரும் இடத்துக்கு, அந்தப் பந்தோடு போட்டி போட்டு ஓடுவது அது. 1949இல் வாய்ப்பூட்டு கழன்றது. ராபின்சன் பேச ஆரம்பித்தார். அதுவரை பொறுமைசாலி என்று புகழ்ந்த பத்திரிகைகளில் கோபக்காரன், முரடன் என்ற பேச்சு வந்தது. அவர் கால் மாறவில்லை, வாய் திறந்தது, அவ்வளவுதான்.

1950இல் அமெரிக்கன் லீக்கில் அந்த வருஷம் அதிகம் திருடியவரின் எண்ணிக்கை வெறும் 15. வெள்ளையர் ஆட்டத்தில் அந்தக் கலை அவ்வளவு செத்துக்கிடந்தது. 1962இல் மோரி வில்ஸ் என்ற கறுப்பர் 104 திருடினார். டை காப் 1915இல் செய்த 96 என்ற சாதனை விழுந்தது. அந்த ஆகஸ்ட்டில் சான் பிரான்சிஸ்கோ மைதானத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? வில்ஸ் ஓடும் பாதையில் தண்ணீரை ஊற்றிச் சேறாக்கி வைத்தார்கள். திறமையில் தோற்றால் தரையை மாற்று. பிறகு லூ பிராக். பிட்சர்களின் அசைவுகளைச் சின்னப் படக்கருவியில் படம் பிடித்து, போட்டுப் போட்டுப் பார்த்துப் படித்த மனிதர். 1974இல் 118. அந்த வருஷம் வில்ஸின் சாதனையை அவர் முறியடித்தபோது, அந்தப் பேஸை எடுத்து அவர் கையில் கொடுத்தவர் கிழவர் பெல். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு வாழ்நாள் ஓடியவர், உள்ளே ஓடியவனுக்குக் கொடுத்தார். இந்த வரிசையில் வந்தவர்தான் ஹெண்டர்சன்.

1958 கிறிஸ்துமஸ் அன்று சிகாகோவில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரின் பின்சீட்டில் பிறந்தார். அப்பா விட்டுவிட்டுப் போனார். ஆர்கன்சாவில் பாட்டி வீட்டில் கொஞ்ச காலம். 7 வயதில் ஓக்லண்ட். ஓக்லண்ட் என்றதும் உங்களுக்கு ஒரு பேர் ஞாபகம் வரணும். 1966 அக்டோபரில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கிய ஊர் அது. அந்தப் பேரை எடுத்துத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தலித் பாந்தர் தொடங்கினார்கள். அங்கிருந்து அது மதுரைக்கும் வந்தது. ஆக அந்த ஊர் நமக்கு அந்நிய ஊர் இல்லை.

ஓக்லண்ட் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி. அங்கேதான் ஹியூ நியூட்டன் படித்தார். சரியாக வாசிக்கக்கூடத் தெரியாமல் அந்தப் பள்ளியை முடித்து வெளியே வந்ததாகவும், பிறகு தானாகக் கற்றுக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அதே பள்ளியில் கர்ட் ஃப்ளட் படித்தார். 1969இல் தன்னை இன்னொரு அணிக்கு மாற்றியபோது, நான் வாங்கி விற்கிற சொத்து இல்லை என்று கடிதம் எழுதி, உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் தோற்று, வாழ்க்கையையே இழந்த ஆட்டக்காரர். லூ பிராக்கோடு ஒரே அணியில் ஆடியவர். அந்தப் போராட்டம் திறந்துவிட்ட வழியில், 1975 இறுதியில் வந்த ஒரு நடுவர் தீர்ப்பு ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் உழைப்பை விரும்பிய இடத்தில் விற்கும் உரிமையைக் கொடுத்தது. அதே பள்ளியில் 1976இல் படிப்பை முடித்தவர் ஹெண்டர்சன். அவருக்கு ஆசை அமெரிக்கக் கால்பந்தில். அதில் எலும்பு சீக்கிரம் உடையும் என்று அம்மா பேஸ்பாலுக்குத் தள்ளினார். பள்ளியில் ஆலோசகராக இருந்த ஓர் அம்மையார், ஒவ்வொரு திருட்டுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் கால் டாலர் தருவதாகச் சொல்லி ஆட வைத்ததாக, 2009இல் புகழ்க்கூடத்தில் பேசியபோது நன்றியோடு சொன்னார்.

1979 ஜூனில் ஓக்லண்ட் அணிக்காக முதல் ஆட்டம். மறு வருஷமே 100 திருட்டு. 1982இல் 130, இன்றுவரை நவீன பேஸ்பாலில் யாரும் நெருங்கவில்லை. அந்த 130ஐ மட்டும் சொல்லக் கூடாது. அதே வருஷம் 42 முறை பிடிபட்டார், அதுவும் சாதனைதான். வாழ்நாளில் 1406 முறை வென்றவர் 335 முறை மாட்டினார். மண்ணில் விழுந்து, எல்லாரும் பார்க்க எழுந்து, தட்டிவிட்டு வெளியே நடந்து, அடுத்த தடவை மறுபடியும் ஓடினார். மாணவ நண்பர்கள் இந்த 335ஐக் குறித்துக்கொள்ளணும்.

தலை முன்னால் போக, மார்பு மண்ணில் உராயச் சறுக்குவது அவர் முறை. ஒருமுறை விமானம் அலுங்காமல் இறங்கியதைப் பார்த்து, விமானியிடம் எப்படி என்று கேட்டு, தாழ்வாக வந்து சறுக்கக் கற்றுக்கொண்டதாக அவர் சொல்வார். மட்டையைப் பிடிக்கும்போது இடுப்பை ஒடித்துக் குனிந்து நிற்பார். பிட்சருக்கு இலக்கு சுருங்கிவிடும். எறிகிற பந்து தப்பிப் போக, அடிக்காமலே முதல் பேஸ் கிடைக்கும். அப்படியே இரண்டாவது, மூன்றாவது. ஒரு பந்துகூட அடிபடாமல் ரன் வாசலில் நிற்பார். மொத்தம் 2295 ரன், அதுவும் முறியாத சாதனை. 9 அணிகளில் ஆடினார். 1998இல் 39 வயதில் 66 திருட்டோடு லீக்கில் முதலிடம். 44 வயதுவரை பெரிய லீக்கில். அதன்பிறகும் சின்ன ஊர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

இப்போ நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். 1991 மே 1. ஓக்லண்ட் மைதானம். நான்காவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸைத் திருடினார். 939ஆவது. லூ பிராக்கின் 938 விழுந்தது. பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். பிராக்கும் அங்கே நின்றார். ஹெண்டர்சன் கடவுளுக்கு நன்றி சொன்னார். அணி முதலாளி குடும்பத்துக்கு, ஓக்லண்ட் ஊருக்கு, ரசிகர்களுக்கு, அம்மாவுக்கு, நண்பர்களுக்கு, தன்னை வளர்த்த இரண்டு பயிற்சியாளர்களுக்கு நன்றி சொன்னார். அதில் செத்துப்போன ஒருவரை நினைத்து, நீ இங்கே இருந்திருக்கணும் என்றார். பேஸ் திருட்டுக்கே லூ பிராக்தான் அடையாளம் என்றார். கடைசியாக, ஆனால் இன்று எல்லாக் காலத்துக்கும் பெரியவன் நானே என்று சொல்லி, நன்றி என்று முடித்தார்.

இவ்வளவில் அமெரிக்காவுக்குக் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும். ஆணவம், தலைக்கனம், பண்பில்லாதவன். அதே ராத்திரி டெக்சாஸில் நோலன் ரயன் என்ற 44 வயது வெள்ளைக்காரப் பிட்சர் தன் ஏழாவது 'நோ ஹிட்டர்' ஆட்டத்தை முடித்தார். எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காத ஆட்டம். பெரிய சாதனை, மறுக்கவில்லை. பாருங்கள், இவர் அடக்கம், அவர் திமிர் என்று இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எழுதினார்கள். இதில் வேடிக்கை, அந்தப் பேச்சை ஹெண்டர்சன் முன்கூட்டியே பிராக்கோடு கலந்துதான் தயாரித்திருந்தார். தோற்றுப்போனவருக்கு வருத்தமில்லை, சுற்றி நின்றவர்களுக்குத்தான் வலித்தது. முகமது அலியின் குரலின் எதிரொலி அதில் இருந்தது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை, அல்லது நன்றாகவே உறைத்தது.

சொன்னது பொய்யா? கணக்குப் பாருங்க. கடைசியில் 1406க்கும் 938க்கும் இடையில் 468. இரண்டாம் இடத்தில் இருப்பவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இப்படி ஒருவர் தன்னைப் பெரியவன் என்று சொன்னால் அது வெறும் தகவல். அந்தத் தகவலை அவன் வாயால் சொல்லக் கூடாது, நாங்கள் தட்டிக்கொடுத்துச் சொல்வோம், அவன் தலை குனிந்து நிற்கணும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ராபின்சனுக்கு 1947இல் நேரடியாகச் சொன்ன நிபந்தனை 1991இல் பண்பாடு என்ற பேரில் வந்தது. பின்னாளில் ஹெண்டர்சனே, அந்த வார்த்தை என்னைத் துரத்துகிறது, நான் செய்ததையெல்லாம் மறைத்துவிட்டது என்று வருத்தப்பட்டுச் சொன்னார். இதுதான் எனக்கு ரொம்ப வலித்த இடம். மூணு வினாடிக்குள் யாராலும் பிடிக்க முடியாத மனிதரை ஒரு வாக்கியத்தை வைத்துப் பிடித்துவிட்டார்கள்.

இன்னொரு ஆயுதம் நகைச்சுவை. ஹெண்டர்சன் தன்னை 'ரிக்கி' என்று படர்க்கையில் சொல்லிப் பேசுவார், இலக்கணம் பார்க்க மாட்டார். அது போதாதா? ஜான் ஓலரூட் என்ற ஆட்டக்காரர் பாதுகாப்புக்காகக் களத்தில் ஹெல்மெட் அணிவார். அவரைப் பார்த்து ஹெண்டர்சன், 'முன்னே என் அணியிலும் ஒருத்தன் இப்படித்தான் போட்டிருந்தான்' என்றாராம். 'அது நான்தான்' என்றாராம் ஓலரூட். நாடு முழுக்கச் சிரித்த கதை. முழுப் பொய். அப்படி நடக்கவேயில்லை என்று ஓலரூட்டே சொல்லிவிட்டார். பொய் என்று தெரிந்தபிறகும் கதை நிற்கவில்லை. இவன் கால் பெரிசு, மண்டை காலி என்று சொல்ல அது தேவைப்பட்டது. ஒவ்வொரு பிட்சரின் குதிகாலையும் மனப்பாடமாக வைத்திருந்தவனைப் பற்றித்தான் இப்படி. நம்ம பேச்சுமொழியை மேடையில் மிமிக்ரி செய்து சிரிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஹெல்மெட் கதைதான் ஞாபகம் வரும்.

நாம் வழிபாட்டுக்கு ஆள் தேடவில்லை. ஹெண்டர்சன் போராளி இல்லை. கொடி பிடிக்கவில்லை. தன் சம்பளத்துக்காகச் சண்டை போட்டார், மற்றவர் வாங்குவதைப் பார்த்துக் கூடக் கேட்டார், அதுக்காகப் பேராசைக்காரன் என்ற பேரும் வாங்கினார். கர்ட் ஃப்ளட் விலைகொடுத்த உரிமையில் பலன் அடைந்த தலைமுறை அவர். தனிமனித வெற்றி சமூக விடுதலை ஆகாது என்பதற்கும் அவர் வாழ்க்கையே சாட்சி. 2022 உலகத் தொடர் இறுதியில் ஆடிய இரண்டு அணிகளிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை. 1950க்குப் பிறகு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. பையன்கள் இந்த ஆட்டத்தில் மேலே வரப் பணம் கட்டி ஆடும் அணிகள், பயணச் செலவு என்று ஆகிவிட்டது. மறுவருஷம், ஆட்டம் விறுவிறுப்பாகணும் என்று நிர்வாகமே பேஸின் அளவைப் பெரிதாக்கி விதிகளை மாற்றியது. மொத்தத் திருட்டு 2486லிருந்து 3503 ஆக ஏறியது. அந்த ஓட்டம் வேணும், அதை வளர்த்த மக்கள் வேணாம் என்பதுபோல் ஆகிவிட்டது.

ஓக்லண்ட் அணியும் ஊரை விட்டுப் போய்விட்டது. 2017இலேயே மைதானத் தரைக்கு ரிக்கி ஹெண்டர்சன் பேர் வைத்திருந்தார்கள். 2024 செப்டம்பர் 26இல் அங்கே கடைசி ஆட்டம். மூணு மாசத்துக்குள் அவரும் போனார்.

தோழர்களே, அடக்கம் நல்ல குணம்தான். யாரிடம் அது கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதே இல்லை என்று பார்க்கணும். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் நாளைக்கு முதல் தலைமுறையாக ஒரு பட்டம் வாங்குவீர்கள், ஒரு நாற்காலியில் உட்காருவீர்கள், ஒரு புத்தகம் எழுதுவீர்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு முன்னே ஓடியவர்கள் பேரைச் சொல்லுங்கள். ஹெண்டர்சனும் அதைத்தான் செய்தார். அதுக்கப்புறம், செய்தது நான்தான் என்கிற கடைசி வரியையும் விழுங்காமல் சொல்லுங்கள்.